மேசையின் எதிர்ப்பக்கம்

மீஞ்சூரில் கஸ்தூரி வேலை பார்க்கும் கம்பெனியில், மதியச் சாப்பாடு முடிந்ததும் டேபிள் டென்னிஸ் ஆட வரிசையில் நிற்பார்கள். அவள் மட்டையை எடுத்தால் வரிசை மெல்லக் கலைந்துவிடும்.

"வேணாம்க்கா. உங்ககூட ஆடினா சாப்ட்டது அங்கியே செரிச்சிடுது. மறுபடியும் கேண்டீனுக்கு ஓட வேண்டிகீது" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கும்பிடு போடுவார்கள்.

அதில் பொய் இல்லை. கஸ்தூரி பந்தை அடிக்கமாட்டாள், திருப்பிப் போடுவாள். எவ்வளவு வேகமாக வந்தாலும், எந்த மூலைக்கு வந்தாலும், கொஞ்சம் பின்வாங்கி நின்று, தரையிலிருந்து எதையோ அள்ளுவதுபோல் அள்ளி வலைக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுவாள். எதிராளிக்குத்தான் மூச்சு வாங்கும். அவள் முகத்தில் எப்போதும் இருக்கிற அதே களைப்பு அப்படியே இருக்கும். முப்பது வயதுதான் ஆகிறது. பார்க்கிறவர்கள் பத்து வருடம் கூட்டித்தான் சொல்வார்கள்.

"இந்த ஆட்டத்த எங்க கத்துக்கினீங்க?" என்று யாராவது கேட்டால், "எங்க ஊர்ல. எதிர்ப்பக்கமா நின்னு" என்பாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு அலுப்பு. சொல்வதென்றால் பாடு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஓடைமுனைக்குப்பம். ஏரியில் மீனும் இறாலும் நடமாடுகிற இடம் கொஞ்சம். வலை போடுகிற வீடுகள் அதிகம். அதனால் எந்த இடத்தில் எந்த வீடு என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு உள்ளவனுக்கு அன்றைக்கு அந்த இடம் சொந்தம். அவனுடைய பெரிய பகையாளிகூட அங்கே வலையை இறக்கமாட்டான். டச்சுக்காரன் கோட்டை கட்ட வந்தபோதே பாடு இருந்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பாடு ஆம்பிளையின் பெயரில்தான் இருக்கும். கஸ்தூரியின் நைனா சுப்பன் காய்ச்சலில் போனபோது அந்த வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அவரோடு அவர் பாடும் போயிற்று. அம்மா முனியம்மாள் பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடையை, பறி என்பார்கள், பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கப் போனாள். கையால் தடவுவதற்குப் பாடு வேண்டியதில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் கஸ்தூரியும் பக்கத்தில் இன்னொரு பறியோடு குனிந்தாள்.

மேசை வந்தது சுனாமிக்குப் பிறகு. எங்கிருந்தெல்லாமோ நிவாரணம் வந்துகொண்டிருந்த சமயம். யாரும் போடமுடியாத கம்பளிக் கோட்டு, ஜோடி இல்லாத பூட்ஸ், இவற்றோடு ஒருநாள் படகில் பச்சை நிறத்தில் இரண்டு பலகைகளும் ஒரு சாக்கு நிறைய மட்டைகளும் வந்து இறங்கின. புயலுக்கு ஒதுங்கக் கட்டிய மண்டபத்தில் அவற்றைச் சேர்த்துப் போட்டதும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா கட்டிலுடி இது, நடுவுல பொளந்துகினு கீது?"

"புருசன் பொஞ்சாதி சண்டைனா ஆளுக்கொரு பக்கமா தள்ளிக்கலாம்."

"உன் புருசன் குடிச்ச குடிக்கு அவன் எந்தப் பக்கம் படுத்தாலும் தரையிலதான் கெடப்பான்."

கொஞ்ச காலம் அதன்மேல் இறால் தரம் பிரித்தார்கள். சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்த அர்ஜுனன் என்கிற பையன்தான் இது ஆட்டத்துக்கான மேசை என்று சொல்லி, நடுவில் கிழிந்த வலைத்துண்டைக் கட்டி, ஆடியும் காட்டினான். அவ்வளவுதான், பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மண்டை உடைந்தது. விஷயம் ஊர்ப் பெரியதனக்காரர் தங்கவேலிடம் போனது. அவருக்கு எந்தத் தகராறுக்கும் ஒரே மருந்துதான் தெரியும்.

"மேசைக்கும் பாடு வெச்சிடலாம்" என்றார்.

சீட்டுப் போட்டார்கள். ஏரியில் பாடு உள்ள வீட்டுக்கெல்லாம் மேசையிலும் பாடு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அன்றைக்குப் பாடு உள்ள வீட்டுப் பிள்ளை, அதாவது பாட்டுக்காரப் பிள்ளைதான், எப்போதும் சர்வீஸ் போடும். ஏரியில் வலையை இறக்குகிறவன் பாட்டுக்காரன்தானே, அதே நியாயம். யாரோடு ஆடுவது என்பதும் அந்தப் பிள்ளையின் இஷ்டம். இது ஆட்டத்தின் விதி இல்லை என்று அர்ஜுனன் சொல்லிப் பார்த்தான். "உன் விதி சென்னையில. இது நம்ம மண்டபம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கஸ்தூரி வீட்டுக்கு ஏரியிலும் பாடு இல்லை, மேசையிலும் இல்லை. மண்டபத்து ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டுமே. பாடு உள்ள பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஆடினால் சண்டை வந்தது. இன்றைக்குத் தோற்றவன் நாளைக்குத் தன் பாட்டில் பழி வாங்குவான். கஸ்தூரிக்கு நாளை என்று ஒன்று இல்லாததால் அவளைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. பாடு இல்லாத அவள்தான் தினமும் மேசை முன்னால் நின்றாள்.

சாக்கிலிருந்து நல்ல மட்டைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத ஒன்று. ஒரு பக்கம் சிவப்பு ரப்பரில் முள்முள்ளாகப் பருக்கள். மறுபக்கம் பந்தைப் பிடித்துச் சுழற்றுகிற வழுவழுப்பான கறுப்பு. பருப்பக்கத்தில் பட்ட பந்து சுழற்சி இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் நடக்கிறவன் மாதிரி மிதந்து போகும். ஏரிக்காற்று மண்டபத்தின் இரண்டு பக்கமும் புகுந்து அடித்ததால், அப்படித் தாழ்வாக வைக்கிற பந்துதான் மேசையில் விழும் என்பதையும் அவள் கண்டுகொண்டாள்.

இன்னொன்றையும் கண்டுகொண்டாள். ஒருமுறை தலையாரி மகனின் பந்தை அவள் பளாரென்று மூலையில் அடித்து, பையன் திகைத்து நின்றுவிட்டான். பாடு இரண்டு சுற்று சுற்றி வரும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பாட்டுக்காரப் பிள்ளைக்கு அடிக்க வேண்டும். அடிக்கத் தோதாகப் பந்து வர வேண்டும். அதே சமயம் எதிராளி சப்பையாக இருந்தாலும் அலுத்துவிடும். ஆகவே அவள் எல்லாவற்றையும் திருப்பினாள். நாலைந்து அடி அடிக்கவிட்ட பிறகு, சிவப்புப் பக்கத்தால் கொஞ்சம் உயரமாக, அவர்கள் கைக்கு நேராக ஒரு பந்தைக் கொடுத்தாள். அதை அடித்து முடித்துவிட்டுப் பிள்ளைகள் ஓவென்று கத்தும். அவள் போய்ப் பந்தைப் பொறுக்கி வருவாள். இப்படியே ஐந்து வருடம்.

அந்தக் கொடுக்கிற பந்தை அதிகம் வாங்கியவள் சரோஜா. தங்கவேலின் மகள், கஸ்தூரியின் வயது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டுவிட, சரோஜா மட்டும் விடவில்லை. மற்ற வீட்டுப் பாடுகளையும் கேட்டு வாங்கி ஆடினாள். முழங்கையைப் பின்னுக்கு இழுத்து அவள் அடிக்கிற அடி, மண்டபத்துக்கு வெளியே வலை பின்னுகிறவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பழவேற்காட்டுப் பள்ளியில் பி.டி. டீச்சர் அவளைப் பார்த்துவிட்டு மாவட்டத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். "இவகூட எதிர்ல ஆட ஒரு ஆளு வேணுமே, பழகறதுக்கு" என்று கஸ்தூரியின் பெயரையும் சேர்த்து எழுதினார்.

தேர்வில் முதலாவதாக வருகிற பெண்ணுக்குச் சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. ஒரே ஓர் இடம்தான்.

முனியம்மாள் அதைக் கேட்டுவிட்டு அன்றைய இறாலைக் கொட்டிப் பிரித்தாள். பறியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"தினம் குளிக்கத் தண்ணி குடுப்பாங்களா?" என்றாள் கடைசியில்.

"குடுப்பாங்கம்மா. நல்ல தண்ணி."

"உப்புத் தண்ணியில நின்னு நின்னு என் காலு வெந்து போச்சு. உனக்கும் வெரல் இடுக்குல ஆரம்பிச்சிடுச்சி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "கெடைச்சா போ. என்னப் பாக்காத."

தேர்வு திருவள்ளூரில். அன்று விடியற்காலையில் தண்ணீர் வற்றும் நேரம். இறால் தடவ நல்ல நேரம் அது. விட்டால் அன்றைய அடுப்பு எரியாது. கஸ்தூரி அம்மாவோடு இறங்கித் தடவிவிட்டுத்தான் படகுத்துறைக்கு வந்தாள். உள்ளங்கை ஊறி வெளுத்திருந்தது. தங்கவேலும் சரோஜாவும் படகில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாடி, மேல சேத்து நாத்தம் அடிக்குது?" என்று சரோஜா மூக்கைப் பிடித்தாள்.

"இன்னிக்கு உனுக்கு எதிர்ல நிக்கணும்ல. வாசனையா இருக்கட்டும்னு வந்தேன்."

சரோஜா சிரித்துவிட்டு, தன் டிபனிலிருந்த இட்டிலியில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். பழவேற்காட்டில் இறங்கி, டச்சுக் கல்லறை பக்கம் பொன்னேரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கஸ்தூரி சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். பஸ்ஸிலும் தூங்கினாள்.

திருவள்ளூர் அரங்கத்தில் கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். காற்று என்பதே இல்லை. முதல் ஆட்டத்தில் தன் பந்து இவ்வளவு நேராகப் போவதைப் பார்த்து கஸ்தூரிக்கே சங்கடமாக இருந்தது. இரண்டாவது சங்கடம், ஆட்டத்தின் பாதி சர்வீஸை அவள் போட வேண்டியிருந்தது. ஊரில் ஒருநாளும் அவள் சர்வீஸ் போட்டதில்லை. பந்தைத் தூக்கிப் போட்டு, மெதுவாக அந்தப் பக்கம் வைத்தாள். அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் பட்டணத்துப் பெண்கள் அவளை அடித்து முடிக்க முடியாமல், பொறுமை இழந்து, வெளியே அடித்துத் தோற்றுக்கொண்டே போனார்கள். மறுபக்க வரிசையில் சரோஜா எல்லாரையும் அடித்து நொறுக்கிக்கொண்டு வந்தாள். கடைசி ஆட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் சரோஜா, இந்தப் பக்கம் கஸ்தூரி.

மண்டபத்தில் நிற்பது போலவே இருந்தது. சரோஜாவின் தோள் எப்போது இறங்கும், எந்த மூலைக்கு அடிப்பாள் என்பது கஸ்தூரிக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாள். ஆனால் நாலைந்து அடி திருப்பியதும் கை தானாகவே அந்த உயரமான பந்தைக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் கொடுத்தது தெரிந்தது. முதல் செட் அப்படிப் போனது. பிறகு கையைக் கட்டுப்படுத்தினாள். அது ஆடுவதைவிடக் களைப்பாக இருந்தது. ஆளுக்கு இரண்டு செட் ஆகி, ஐந்தாவது செட்டில் நாலுக்கு நாலு என்று நின்றபோது நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

"நேரம் ஆயிடுச்சு. இனிமே வேற விதி" என்றார். இனி ஆளுக்கு ஒரு சர்வீஸ், மாற்றி மாற்றி. சர்வீஸ் போடுகிறவள்தான் அந்தப் பாயிண்டை முடிக்க வேண்டும். எதிராளி பதின்மூன்று முறை பந்தைத் திருப்பிவிட்டால், பாயிண்ட் எதிராளிக்கு. ஒருவர் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவார்.

சரோஜாவின் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கவேலின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பாடேதான்! ஆளுக்கு ஒரு தபா. தன் பாட்டுல புடிக்காதவன் விட்டுட்டுப் போக வேண்டிதான்" என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். பிறகு மகளிடம் குனிந்தார். "அவ சர்வீஸ் போடசொல்லோ நீ அடிக்காத. சும்மா தள்ளு. அவளுக்கு முடிக்கத் தெரியாது. பதிமூணு எண்ணிட்டா ஒனுக்கு."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. சரோஜா சர்வீஸ் போட்டால் அடி அடியென்று அடிப்பாள், கஸ்தூரி பதின்மூன்றையும் திருப்பி எடுத்துவிடுவாள். கஸ்தூரி சர்வீஸ் போட்டால் சரோஜா சும்மா தள்ளிக்கொண்டே இருப்பாள், எண்ணிக்கை பதின்மூன்றைத் தொடும். ஒருமுறை கஸ்தூரி துணிந்து அடித்தாள். பந்து மேசையைத் தாண்டி நாற்காலிகளுக்குள் போய் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு, அப்படியே பத்துக்குப் பத்து. இனி யாராவது ஒருத்தி தொடர்ந்து இரண்டு எடுக்க வேண்டும்.

சரோஜாவின் சர்வீஸ். கஸ்தூரி பின்னால் போய், பக்கவாட்டில் ஓடி, ஒருமுறை முழங்காலால் தரையைத் தேய்த்து, பதின்மூன்றும் எடுத்தாள். பதினொன்றுக்குப் பத்து. இன்னும் ஒரே பாயிண்ட். சர்வீஸ் அவளுடையது.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். உள்ளங்கையில் விடியற்காலை நண்டு கடித்த இடம் எரிந்தது. முடிக்க வேண்டும். எப்படி முடிப்பது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்தவர் ஆசைப்படுகிற பந்தைக் கொடுக்கத் தெரியும்.

சர்வீஸ் போட்டாள். சரோஜா தள்ளினாள். "ஒன்று" என்றார் எண்ணுகிறவர். கஸ்தூரி சிவப்புப் பக்கத்தால் வைத்தாள். "இரண்டு." சரோஜாவின் கால்கள் ஆடுவது நின்றது, நின்ற இடத்திலேயே மட்டையைச் சும்மா நீட்டிக்கொண்டிருந்தாள். "ஐந்து. ஆறு." அவளுக்கு அலுக்க ஆரம்பித்துவிட்டது என்று கஸ்தூரிக்குத் தெரிந்தது. ஐந்து வருடத்தில் ஒருநாளும் சரோஜா இப்படித் தள்ளியதில்லை. "எட்டு. ஒன்பது." அடுத்த பந்து வந்தபோது கஸ்தூரி மட்டையை விரல்களுக்குள் திருப்பினாள். அதே அள்ளல், அதே கை. ஆனால் கறுப்புப் பக்கத்தால், பந்தின் அடியில் ஆழமாக வெட்டினாள். பந்து உயரமாக, கொழுகொழுவென்று, சரோஜாவின் கைக்கு நேராகப் போய் எழும்பியது.

"அடிக்காத!" என்று தங்கவேல் கத்தினார்.

முழங்கை அதற்குள் பின்னுக்குப் போய்விட்டது. சரோஜா தன் பலம் முழுவதையும் வைத்து அடித்தாள். அடியில் வெட்டுப்பட்டுப் பின்பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்த பந்து நேராகக் கீழே இறங்கி வலையில் மோதி, அவள் பக்கமே உருண்டது.

கைதட்டினார்கள். கஸ்தூரி பழக்கத்தில் மேசையைச் சுற்றிப் போய்ப் பந்தைப் பொறுக்கி, சரோஜாவிடம் நீட்டினாள். சரோஜா அதை வாங்கவில்லை.

தங்கவேல் வம்பு செய்வார் என்று கஸ்தூரி பயந்திருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. "ஆளுக்கு ஒரு தபா குடுத்தான். அவ பாட்டுல அவ புடிச்சா. இதுல இன்னா கேக்கறது" என்று தனக்கே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் டீ வாங்கினார். பஸ்ஸில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் படகில் பெண்கள் இருவரும் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். வெயில் தணிந்து, ஏரி பழுப்பாக அசையாமல் கிடந்தது. பாதி ஏரி தாண்டியதும் சரோஜா பேசினாள்.

"கறுப்புப் பக்கம்னு பாத்தேன்டி. பாத்துகினேதான் அடிச்சேன்."

கஸ்தூரி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்பவும் வர்ற பந்தாச்சேனு கை போயிடுச்சி." சரோஜா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏய், நெசமா சொல்லு. அது எப்பவும் எனக்கு வர்ற பந்தா, இல்ல நீ எப்பவும் எனக்குக் குடுக்கிற பந்தா?"

படகோட்டி கழியை ஊன்றி எடுத்தான். தண்ணீர் சொட்டியது. கஸ்தூரிக்குப் பதில் தெரியும். பதினொன்றுக்குப் பத்தில் நின்றபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை. சொன்னால் சரோஜா அந்த ஐந்து வருடத்தில் அடித்த ஒவ்வொரு அடியையும் எடுத்துப் பார்ப்பாள். எது தன்னுடையது என்று தேடுவாள். நன்றாகத்தான் அடித்தாள், அவள் அடி நிஜமான அடி. ஆனால் அதை இனி கஸ்தூரி சொன்னால் யார் நம்புவது?

"தெர்லடி" என்றாள். "தூக்கம் வருது எனக்கு."

"காலையிலருந்து தூங்கிகினுதான் கீற."

"ஆமா."

சரோஜா கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தோளைச் சற்றே தாழ்த்திக் கொடுத்தாள். கஸ்தூரி அதில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடினாளே தவிர, கரை வரும்வரை அவள் தூங்கவில்லை.

துறையில் முனியம்மாள் நின்றிருந்தாள். கையில் பறி இல்லை. மகள் முகத்தைப் பார்த்தாள், சரோஜாவின் முகத்தையும் பார்த்தாள், விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கலாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் தண்ணிக்கு வர வேணாம். தூங்கு" என்றாள்.

மறுநாள் அம்மா எழுந்த சத்தத்தில் கஸ்தூரியும் எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று முனியம்மாள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. இருவரும் இருட்டோடு இருட்டாகத் தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார்கள். பறியைக் கடித்திருக்கும்போது யாரும் எதுவும் கேட்கமுடியாது, யாரும் எதற்கும் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. விடுதிக்குப் போகிற நாள்வரை கஸ்தூரி அப்படியே தினமும் இறங்கினாள். மண்டபத்தில் அந்த நாட்களில் யாருடைய பாடு என்று அவள் போய்ப் பார்க்கவில்லை.